நான்கு உள்ளங்கை அளவு சாலை

ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பந்தயப் பாதை இருக்கிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்துவந்த கார், பைக் பந்தயங்களுக்கு 1990-இல் கிடைத்த நிரந்தர இடம் அது. ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், வளைவுகள் 12. இப்படிப்பட்ட பாதைகளில் நடக்கும் ஓட்டுநர் பயிற்சிக்கு முதன்முதலாகப் போகிறவர்கள், வேகமாக ஓட்டச் சொல்லித்தருவார்கள் என்ற எண்ணத்தோடுதான் போவார்கள். ஆனால் ஆரம்பப் பாடமாகவே வருவது நிறுத்துவது. நேர்ப்பாதையில் 80 கிலோமீட்டர் வேகம் எடுங்கள். ஆரஞ்சு நிறக் கூம்பைத் தாண்டியதும் பிரேக்கை முழு பலத்தோடு மிதியுங்கள் என்பார் பயிற்சியாளர்.

கேட்பதற்கு எளிது. செய்யும்போது பலருக்குக் கால் வருவதில்லை. இருபது வருடமாக ஓட்டுகிறவரும் பாதி அழுத்தத்திலேயே நின்றுவிடுவார். வண்டியில் இருப்பவர்கள் முன்னால் சாயாதபடி மெல்ல மிதித்தே பழகிய கால் அது. உயிர் போகிற நொடியிலும் அந்தப் பழக்கம் மாறுவதில்லை. மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர்கள் சாதாரண ஓட்டுநர்களைச் சிமுலேட்டரில் உட்காரவைத்துச் சோதித்தபோது இதைத்தான் கண்டார்கள். நெருக்கடியில் பெரும்பாலானோர் பிரேக்கை வேகமாகத் தொட்டார்கள். போதிய அளவுக்கு அழுத்தவில்லை. அந்தக் குறையை ஈடுகட்ட 1996-இல் அவர்கள் கொண்டுவந்ததுதான், மீதி அழுத்தத்தைத் தானே கொடுக்கும் ‘பிரேக் அசிஸ்ட்’ என்னும் ஏற்பாடு.

பந்தயப் பாதையில் கற்பவற்றில் எவை நம் ஊர்ச் சாலைக்கும் மலைப்பாதைக்கும் கைகொடுக்கும், எவற்றை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம். அதற்கு முதலில் டயரின் அடியில் குனிந்து பார்க்க வேண்டும்.

கையிருப்பு எவ்வளவு?

ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 300 கிலோ. பெட்ரோல் பங்கில் 32 பாயின்ட் காற்று அடிக்கச் சொல்கிறோமே, அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ அழுத்தம். 300-ஐ 2.25-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 133 சதுர சென்டிமீட்டர். டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ அவ்வளவுதான். வளர்ந்த ஒருவரின் உள்ளங்கையைத் தரையில் பதித்ததுபோல. அப்படி நான்கு உள்ளங்கைகள். எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் கொண்டதாக இருந்தாலும் சரி, வேகம் எடுப்பது, நிற்பது, திரும்புவது எல்லாமே இந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகத்தான் நடந்தாக வேண்டும்.

காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயரின் உராய்வுக் கெழு சுமார் 0.8. அதாவது வண்டியின் எடையில் 80 சதவீதம் அளவுக்கு டயர்களால் சாலையைப் பற்றிக்கொள்ள முடியும். மழை பெய்தால் அது 0.5 அளவுக்கு இறங்கலாம். நெடுநாள் வெயிலுக்குப் பிறகு முதல் மழை தூறும்போது சாலையில் படிந்திருந்த எண்ணெயும் தூசும் கரைந்து பசைபோல மிதக்கும். அந்த அரைமணி நேரத்தில் பிடிமானம் இன்னும் மோசம். தேய்ந்த டயரானால் சொல்லவே வேண்டாம்.

இந்தப் பிடிமானத்தை ஒரு கையிருப்புப் பணமாக நினைத்துப் பாருங்கள். பிரேக் பிடித்தால் செலவாகிறது. திருப்பினாலும் செலவாகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினாலும் செலவாகிறது. மூன்றுக்கும் பை ஒன்றுதான். பந்தய உலகில் இதை ஒரு வட்டமாக வரைந்து விளக்குவார்கள். இந்த வட்டத்தைப் பரவலாக அறியச் செய்தவர்களில் ஒருவர் மார்க் டோனஹ்யூ. இயந்திரப் பொறியியல் படித்துவிட்டுப் பந்தயத்துக்கு வந்த அமெரிக்கர். 1972-இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்றவர். வட்டத்தின் நடுவிலிருந்து நேராக மேலே போனால் வேகமெடுப்பு, கீழே போனால் பிரேக், பக்கவாட்டில் போனால் திருப்பம். வட்டத்தின் விளிம்புதான் பிடிமானத்தின் எல்லை. அதைத் தாண்டினால் டயர் வழுக்கும்.

இதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. பள்ளியில் படித்த 3, 4, 5 செங்கோண முக்கோணம் நினைவிருக்கிறதா? பிடிமானத்தில் 80 சதவீதத்தைத் திருப்பத்துக்குச் செலவிட்டால் பிரேக்குக்கு மிஞ்சுவது 60 சதவீதம். பாதியை மட்டும் திருப்பத்துக்குக் கொடுத்தால் 87 சதவீதம் வரை பிரேக்குக்கு மிச்சமிருக்கும். முழுவதையும் திருப்பத்திலேயே கரைத்துவிட்டவருக்கு பிரேக் பிடிக்க எதுவுமே இல்லை. வளைவின் நடுவில் எதிரே ஒரு மாடு நின்றால் இந்தக் கணக்குதான் உயிரைத் தீர்மானிக்கும்.

பந்தயக்காரர் கையிருப்பில் கடைசிக் காசு வரை செலவழிக்கிறார். அதுதான் அவர் வேலை. அவருக்கு எதிரே வண்டி வராது, சாலையோரம் குழந்தை நிற்காது, தவறினால் சறுக்கி நிற்கத் திறந்த வெளி உண்டு, கொடி காட்டி எச்சரிக்க ஆட்கள் உண்டு. நமக்கு அவையெல்லாம் இல்லை. ஆகவே வட்டத்தை நாமும் கற்க வேண்டும். அதன் விளிம்புக்குப் போவதற்காக அல்ல, விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்து விலகி நிற்பதற்காக. அதிலிருந்து பிறக்கும் முதல் விதி: பிரேக் வேலையை வளைவுக்கு முன்பே, நேர்ச்சாலையிலேயே முடித்துவிடு. வளைவுக்குள் நுழையும்போது கால் பிரேக்கிலிருந்து எடுபட்டிருக்க வேண்டும்.

தலைக்குடம்

தலையில் தண்ணீர்க் குடம் சுமந்து வரும் பெண் திடீரென்று நிற்க மாட்டார், வெடுக்கென்று திரும்பவும் மாட்டார். நடையைத் தளர்த்தித் தளர்த்தித்தான் நிற்பார். சட்டென நின்றால் தண்ணீர் முன்பக்கம் சாய்ந்து வழியும் என்று அவர் கழுத்துக்குத் தெரியும்.

காரின் எடையும் அந்தத் தண்ணீரைப் போலத்தான் சாய்கிறது. அச்சு இடைவெளி 2.5 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று மேலே என்று கொண்டால், 1,200 கிலோ காரில் முழு பிரேக் பிடிக்கும்போது 200 கிலோவுக்கு மேற்பட்ட சுமை பின்சக்கரங்களை விட்டு முன்சக்கரங்களுக்குப் போகிறது. முன்டயர்கள் சாலையில் அழுந்துகின்றன, பின்டயர்கள் லேசாகின்றன. வளைவில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது பயந்துபோய் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டாலோ பிரேக்கை உதைத்தாலோ, லேசாகிப்போன பின்பக்கம் வெளியே வீசப்படுவது இதனால்தான்.

பயிற்சிப் பள்ளிகள் மென்மையை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் பயணிகளின் சொகுசு மட்டுமல்ல. பிரேக்கைப் பிழிவதுபோல ஏற்ற வேண்டும், ஸ்டீயரிங்கை ஒரே சீராகச் சுற்ற வேண்டும், வளைவு முடிந்து சக்கரங்கள் நேராகும் அளவுக்கு ஆக்சிலரேட்டரைக் கூட்ட வேண்டும் என்று சொல்லும்போது அவர்கள் எடையை அலைக்கழிக்காமல் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். டயருக்குச் சுமையை ஏற்க ஒரு கண நேரம் கொடுத்தால் அது கூடுதலாகப் பற்றிக்கொள்ளும்.

இதற்கு உட்காரும் முறையும் சரியாக இருக்க வேண்டும். பிரேக்கை அடிவரை மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். முதுகு இருக்கையில் பதிந்திருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியைத் தொட வேண்டும். கைகள் கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில். சாய்ந்து படுத்தபடி, ஒற்றைக் கையால் ஓட்டுகிறவருக்கு டயர் சொல்லும் செய்தி எதுவும் உடம்புக்கு வந்து சேராது.

கண் போகும் வழியே கை போகும்

மனிதன் பார்க்கும் திசையில்தான் அவன் ஓட்டும் வண்டி போகிறது. பள்ளத்தையே பார்த்துக்கொண்டு சைக்கிள் ஓட்டிப் பள்ளத்திலேயே விழுந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. வண்டி சறுக்கும்போது மோதப்போகும் மரத்தைப் பார்க்காதே, தப்பிக்கும் இடைவெளியைப் பார் என்று பந்தயப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். வளைவுக்குள் நுழையும்போதே கண் வளைவின் வெளிவாசலைத் தேடிப் போயிருக்க வேண்டும்.

இந்தப் பாடம் பொதுச்சாலைக்கு வந்த வரலாறு சுவையானது. லண்டன் பெருநகரக் காவல்துறை 1930-களில் ஹெண்டனில் ஓட்டுநர் பள்ளி தொடங்கியது. பந்தய ஓட்டுநராக இருந்த காட்டன்ஹாம் பிரபு 1937-இல் அந்தப் பள்ளிக்கு ஆலோசகராக வந்தார். பந்தயத்தின் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் போட்டியுணர்வை ஒதுக்கிவிட்டு, ஒரு ஒழுங்கு முறை அங்கே உருவானது. முதலில் தகவல் சேகரி, பிறகு வண்டியைச் சாலையில் சரியான இடத்துக்குக் கொண்டுவா, பிறகு வேகத்தைக் குறை, பிறகு கியர், கடைசியாகத்தான் ஆக்சிலரேட்டர். இன்றும் பிரிட்டிஷ் காவல்துறை ஓட்டுநர்கள் இந்த வரிசையில்தான் பயிற்சி பெறுகிறார்கள்.

அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு கருவி உண்டு. வளைவை நோக்கிப் போகும்போது சாலையின் இரண்டு ஓரங்களும் தூரத்தில் ஒன்றாகச் சேர்வதுபோல ஒரு புள்ளி தெரியும். அந்தப் புள்ளி நம்மை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு நாம் நினைத்ததைவிட இறுக்கமானது; வேகத்தைக் குறைக்க வேண்டும். அது நம் வேகத்திலேயே விலகிப் போனால் நம் வேகம் சரி. அது நம்மைவிட விரைந்து ஓடினால் சாலை நேராகிறது. எந்தப் பலகையும் இல்லாத அறிமுகமில்லாத சாலையிலும் இந்தப் புள்ளி பொய் சொல்லாது.

அதோடு ஒரு விதி: கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தில் மட்டுமே போ. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், காய்ந்த சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் முழுதாக நிற்க சுமார் 25 மீட்டர் வேண்டும். 60-இல் 43 மீட்டர். 80-இல் 65 மீட்டர். இரண்டு வண்டி ஒதுங்க இடமில்லாத குறுகிய மலைச்சாலையானால் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிற்க வேண்டும். எதிரே வருகிறவருக்கும் நிற்க இடம் வேண்டுமே.

கொண்டை ஊசியின் கணக்கு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு 70. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகைகள் நிற்கின்றன. இந்த எண்களைப் பெருமையோடு எண்ணிக்கொண்டே போகிறவர்கள் ஒரு வளைவிலாவது பின்வரும் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வளைவின் ஆரம் 15 மீட்டர் என்போம். மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்பினால் வண்டியின் எடையில் 21 சதவீதம் அளவுக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் தேவை. 30-இல் 47 சதவீதம். 40-இல் 84 சதவீதம். காய்ந்த சாலையில் நம் கையிருப்பே 80 சதவீதம்தான். 20-க்கும் 40-க்கும் இடையில் வேகம் இரண்டு மடங்குதான் கூடியது, தேவையோ நான்கு மடங்காகிவிட்டது. மழையில் 30-ஐத் தொட்டாலே ஏறத்தாழ விளிம்புக்கு வந்துவிடுகிறோம். மலைமேல் மதியம் மேகம் இறங்கிச் சாலை நனையும் நாளில், காலையில் ஏறிய அதே வேகம் மாலையில் இறங்கும்போது கொலைவேகம்.

பந்தயப் பாதையில் வளைவை வெளியோரத்தில் தொடங்கி, உள்ளோரத்தைத் தொட்டு, மீண்டும் வெளியோரத்தில் முடிப்பார்கள். ஆரம் பெரிதாகும், வேகம் கூடும். மலைப்பாதையில் இதை அறவே மறந்துவிட வேண்டும். அங்கே சாலையின் மறுபாதி இன்னொருவருடையது. நம் பாதிக்குள்ளேயே நின்று, சற்றுத் தாமதமாக, வளைவின் மறுபக்கம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு திருப்பத்தை முடிப்பதுதான் பந்தயப் பாடத்திலிருந்து இங்கே கொண்டுவரத் தக்கது. மெதுவாக நுழை, பார்த்துவிட்டு வெளியேறு.

அரசுப் பேருந்து கொண்டை ஊசியில் சாலை முழுவதையும் எடுத்துக்கொள்வதைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்கள் உண்டு. நீண்ட வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை. உட்பக்கமாகக் குறுக்கே வெட்டி வரும். பின்சக்கரம் ஓரக்கல்லில் ஏறாதிருக்க ஓட்டுநர் மூக்கை வெளியே வீசித்தான் ஆக வேண்டும். அப்போது உட்பக்கம் தெரியும் இடைவெளி நமக்காக விடப்பட்டதல்ல. அது அடுத்த நொடியில் மூடிக்கொள்ளும். பேருந்தின் ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுவதுதான் அறிவு. ஒதுங்க இடம் குறைவான ஏற்றத்தில், ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது சட்டம். நின்ற வண்டியை ஏற்றத்தில் மறுபடி கிளப்புவது கடினம் என்பதே அதன் நியாயம்.

ஆறு குடம் வெந்நீர்

உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் அதைவிட ஏறத்தாழ 1,900 மீட்டர் கீழே. குடும்பமும் பெட்டிகளுமாக 1,500 கிலோ எடையுள்ள கார் அங்கிருந்து இறங்கினால், இழக்கும் நிலை ஆற்றல் சுமார் 2 கோடியே 80 லட்சம் ஜூல். ஆறு குடம் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் அது. அதன் பெரும்பகுதி எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்குகிறவர், அவ்வளவையும் சில கிலோ எடையுள்ள இரும்புத் தட்டுகளில் கொட்டுகிறார்.

தட்டு சூடேறினால் பிரேக் பேட் பிடிப்பை இழக்கும். கருகல் வாடை வருவது அப்போதுதான். சூடு பிரேக் ஆயிலுக்குப் போனால் இன்னும் ஆபத்து. ‘டாட் 4’ வகைப் புதிய பிரேக் ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரம் ஏறிய நிலையில் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது; ஆவி சுருங்கிவிடும். மிதித்த பெடல் சத்தமில்லாமல் தரைக்குப் போகும். பல வருடமாக மாற்றாத பிரேக் ஆயிலோடு மலைக்குப் போவது இதனால்தான் தவறு.

மலைப்பாதை ஓட்டுநர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: ஏறின கியரிலேயே இறங்கு. இயற்பியல் அதை அப்படியே ஆமோதிக்கிறது. சின்ன கியரில் எஞ்சின் வேகமாகச் சுழன்று, தன் உள்ளெதிர்ப்பால் வண்டியை இழுத்துப் பிடிக்கும். அந்த வெப்பத்தை எஞ்சினே ஏற்றுக் காற்றில் விட்டுவிடும். பிரேக் வளைவுகளுக்கு மட்டும் போதும். வேகம் கூடும்போது அழுத்தமாகப் பிடித்துக் குறைத்துவிட்டு, காலை எடுத்துவிட வேண்டும். ஆட்டோமேட்டிக் காரிலும் கியரைக் கீழே வைத்துக்கொள்ள ‘எல்’ அல்லது மேனுவல் நிலை இருக்கும். இறங்கும்போது ‘டி’-யிலேயே விட்டுவிடக் கூடாது.

பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. இன்றைய எரிபொருள் ஊசி எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் வரத்து அநேகமாக முற்றிலும் நின்றுவிடும். சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கப் பெட்ரோல் செலவாகிறது. மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை.

திறமை தரும் மயக்கம்

அப்படியானால் எல்லோரையும் பந்தயப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டால் விபத்துகள் குறையுமா? இங்கேதான் அறிவியல் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது.

அமெரிக்காவில் உரிமம் பெற்ற பந்தய ஓட்டுநர்களின் பொதுச்சாலைப் பதிவுகளைச் சாதாரண ஓட்டுநர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 1974-இல் வெளியானது. வண்டியைக் கையாள்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பொதுச்சாலையில் விபத்துகளும் விதிமீறல்களும் அவர்களுக்கே அதிகம் இருந்தன. நார்வேயில் வழுக்குச் சாலையில் வண்டியை மீட்கும் பயிற்சியைப் புதிய ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கியபோது, இளைஞர்களிடையே வழுக்கு விபத்துகள் குறைவதற்குப் பதிலாகக் கூடின.

ஸ்வீடனில் கிரெகர்சன் என்ற ஆய்வாளர் 1996-இல் வெளியிட்ட சோதனை இதன் காரணத்தைத் தொட்டுக் காட்டியது. இளம் ஓட்டுநர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு நெருக்கடி பிரேக் திறனை வளர்க்கும் பயிற்சி. மற்றொரு குழுவுக்கு, திறன் எந்தக் கணத்திலும் கைவிடக்கூடும் என்பதை உணர்த்தும் பயிற்சி. பிறகு சோதித்தால் இரண்டு குழுக்களின் உண்மைத் திறனில் வேறுபாடு இல்லை. ஆனால் முதல் குழுவினர் தங்களைப் பற்றி உயர்வாக மதிப்பிட்டுக்கொண்டார்கள். குறுகிய நேரப் பயிற்சி திறமையைக் கொடுப்பதற்கு முன் நம்பிக்கையைக் கொடுத்துவிடுகிறது. அந்த நம்பிக்கை, கிடைத்த பாதுகாப்பை வேகமாக மாற்றிச் செலவழித்துவிடுகிறது.

ஆகவே பயிற்சிக்குப் போகும்போது எதைத் தேடிப் போகிறோம் என்பதுதான் முக்கியம். முழு பிரேக் எப்படி இருக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் எப்படித் துடிக்கும், அந்தத் துடிப்பில் காலை எடுக்காமல் மிதித்தபடியே திருப்பலாம் என்பதை ஒருமுறையாவது உடம்பு அறிந்திருக்க வேண்டும். விளிம்பு எவ்வளவு அருகில் இருக்கிறது என்ற திகைப்போடு வீடு திரும்புகிறவர்தான் உண்மையில் கற்றவர். நான் இப்போது கெட்டிக்காரன் என்ற களிப்போடு திரும்புகிறவர் முன்னைவிட ஆபத்தானவர்.

அடுத்த முறை மலைக்குக் கிளம்புமுன் டயரில் காற்றையும் பட்டன் தேய்மானத்தையும் பாருங்கள். பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். இருக்கையைச் சரிசெய்து உட்காருங்கள். வளைவுக்கு முன் வேகத்தைக் குறையுங்கள், கண்ணை வளைவின் மறுபக்கத்துக்கு அனுப்புங்கள், ஏறின கியரிலேயே இறங்குங்கள். பின்னால் வருகிறவர் அவசரப்பட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள். உங்களையும் உங்களை நம்பி உட்கார்ந்திருக்கிறவர்களையும் சாலையோடு பிணைத்திருப்பது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். அதில் பாதிப் பிடிமானத்தையாவது எப்போதும் செலவழிக்காமல் வைத்திருங்கள். வளைவுக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று நமக்குத் தெரியாது. அந்தப் பாதி அதற்காகத்தான்.